ஸ்ரீஹர்ஷாவின் இரண்டு குப்பிகள்

ஜெயலட்சுமி தினமும் பெங்களூர் பொம்மனஹள்ளியில் மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் மாறி, பீன்யாவில் இறங்குவார். வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருடமாக ரத்தம் பிரிப்பதே வேலை. இது ஐந்தாவது ஆய்வகம். முதலாளி ஸ்ரீஹர்ஷா விருந்தினர்களிடம் அவர் பெயரைச் சொல்வதில்லை. "நம்ம டீம்" என்று அந்தப் பக்கம் கையை வீசுவார்.

ஸ்ரீஹர்ஷாவிடம் ஒரு வெளிநாட்டுப் பட்டமும், வெள்ளைக் கோட்டில் எடுத்த எக்கச்சக்கப் படங்களும், ஒரு கண்டுபிடிப்பும் இருந்தன. முதலிரண்டும் உண்மை.

கண்டுபிடிப்பு இது. புராஸ்டேட் சுரப்பியிலிருந்து பி.எஸ்.ஏ. என்ற புரதம் ரத்தத்தில் கலக்கிறது. அதன்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். புற்று வந்த சுரப்பி அவற்றை வேறு மாதிரி கட்டும். இயந்திரம் அந்த வித்தியாசத்தைப் படித்துவிட்டால், யாருக்கு ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி தேவை, யாருக்குத் தேவையில்லை என்று சொல்லிவிடலாம். யோசனையில் குறையில்லை. ஊர் உலகத்தில் இதற்காகப் பலர் வருடக்கணக்கில் உழைக்கிறார்கள். ஸ்ரீஹர்ஷா ஐந்து மாதத்தில் முடித்துவிட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி என்று கேக் வெட்டினார்.

ஜெயலட்சுமி கேக்கை ஓரமாக வைத்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் மருத்துவமனையிலேயே உறையவைத்து வந்தது. நோயில்லாதவர்களின் சீரம் தொழிற்சாலை முகாமில் எடுத்தது. அது ஸ்ரீஹர்ஷாவின் கார் டிக்கியில், தும்கூர் ரோடு நெரிசலில், நாலு மணி நேரம் வெந்தது. ஐஸ் பெட்டிக்கு இடமில்லை. டிக்கி நிறைய பேனர்.

"சார், சூட்டுல சங்கிலி நுனி சர்க்கரை உதிர்ந்துடும். மெஷின் புற்றைப் பார்க்கல, ஃப்ரீசரைப் பார்க்குது."

"அல்காரிதம் அதெல்லாம் பார்த்துக்கும் மேடம். நீங்க லேபிளை நேரா ஒட்டுங்க, போதும்."

ஜெயலட்சுமி அதோடு விட்டிருப்பார். ஆனால் வாசல் காவலாளி கோவிந்தப்பாவுக்கு பி.எஸ்.ஏ. கூடியிருந்தது. பயாப்ஸி செய்யச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஸ்ரீஹர்ஷா பெரிய மனசு பண்ணி இலவசமாகச் சோதித்து, 'புற்று இல்லை' என்று தாள் நீட்டிவிட்டார். கோவிந்தப்பாவின் குப்பி அன்று மாலைவரை ரிசப்ஷன் மேசையில் வெயில் காய்ந்ததை ஜெயலட்சுமி பார்த்திருந்தார்.

"அண்ணா, அந்தத் தாளை நம்பாதீங்க. பயாப்ஸிக்குப் போங்க."

"சாரே பேடா, வேண்டாம்னுட்டாரு ஜெயம்மா. குத்தக்கூடாத எடத்துல குத்திக்க எனக்கென்ன பைத்தியமா?"

மறுவாரம் விளம்பரப் படம் எடுக்க ஆள் வந்தது. ஸ்ரீஹர்ஷா கேமரா முன்னால் சட்டைக் கையைச் சுருட்டித் தன் ரத்தத்தையே கொடுத்தார். "சோதிச்சுக் காட்டுங்க" என்றார். ஜெயலட்சுமி சீரத்தை இரண்டு குப்பிகளாகப் பிரித்தார். ஒன்று உடனே ஃப்ரீசருக்குப் போனது. இன்னொன்று சாயங்காலம்வரை ஜன்னல் வெயிலில் இருந்தது. மறுநாள் இரண்டையும் பெயரில்லாமல், எண் மட்டும் போட்டு, இயந்திரத்தில் ஏற்றினார்.

வெயில் குப்பிக்குப் புற்று இல்லை. ஃப்ரீசர் குப்பிக்குப் புற்று.

இரண்டு தாள்களையும் ஸ்ரீஹர்ஷாவின் மேசையில் வைத்தார். அவர் கண் ஒன்றில்தான் நின்றது.

"இது என்னோடதா?"

"ரெண்டுமே உங்களோடதுதான் சார். அதான் சொல்ல வந்தேன்..."

அவர் கேட்கவில்லை. போன் காதுக்குப் போய்விட்டது. "டாக்டர், இன்னிக்கே பயாப்ஸி பண்ணிடலாமா? இல்ல இல்ல, தாளை நம்பி உட்கார முடியாது."

காவலாளிக்குத் தாள் போதும். முதலாளிக்கு ஊசி வேண்டும். ஜெயலட்சுமி நேரே வாசலுக்கு நடந்தார்.

"அண்ணா, உங்க சார் பயாப்ஸிக்கு ஓடறாரு."

"யாரு, நம்ம சாரா?"

"அவர் மெஷினை அவரே நம்பல."

கோவிந்தப்பா கேட்டைத் திறந்துவிட்டார். காரின் பின்சீட்டில் ஸ்ரீஹர்ஷா வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். கார் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார் கோவிந்தப்பா. "எனக்கும் பயாப்ஸிக்கு ஒரு தேதி கேட்டுச் சொல்லும்மா" என்றார்.

பயாப்ஸியில் ஸ்ரீஹர்ஷாவுக்கு ஒன்றுமில்லை. கோவிந்தப்பாவுக்குப் புற்று இருந்தது, சுரப்பியைத் தாண்டவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் அவர் லீவு லெட்டர் கொடுத்தார். ஸ்ரீஹர்ஷா கையெழுத்துப் போட்டார், காரணத்தைப் படிக்காமல்.