செப்பு அண்டாவில் கலந்த கடல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆனி மாதப் பௌர்ணமி அன்று நடந்தது இது. எங்கள் வீடு திருவண்ணாமலையில், அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், கிரிவலப் பாதையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. பௌர்ணமி வந்தால் எங்களுக்கு ஊரடங்கு மாதிரிதான். பாதை கொள்ளாமல் ஜனம் நடக்கும். வண்டி உள்ளே வராது, வெளியே போகாது. முதல் நாளே பால், காய்கறி எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிடுவோம். அந்த மாதம் என்னிடம் இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான். முந்நூறு லிட்டர் சுத்தமான தண்ணீர். எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் கணவர் பதினாறு வருடம் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். ஒரு விபத்தில் அவருக்கு ஒரு காது போய்விட்டது, கூடவே நடையில் தடுமாற்றமும் வந்தது. இனிக் கப்பல் ஏறக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்தவர் ஒரு வருடம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் திணறுவார், அதனால் கல்யாணம் காட்சிக்குக்கூட வர மாட்டார். நான் கீழ்பென்னாத்தூரில் விலங்கியல் டீச்சர். காலையில் எந்த நாற்காலியில் அவரை விட்டுப் போகிறேனோ, சாயங்காலமும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் காபி ஆடை கட்டிக் கிடக்கும். எனக்குப் பயமாக இருந்தது.

அப்படி இருந்தவர் ஒரு நாள் திடீரென்று கேட்டார். "நம்ம வீட்டுல ஒரு கடல் வைக்கலாமா?"

யானை வளர்க்கலாமா என்று கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

கண்ணாடித் தொட்டியில் நாலு தங்கமீன் விடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது பவளம் வளர்க்கிற உப்புத் தண்ணீர்த் தொட்டி. ஆறடி நீளம், அறுநூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதைத் தாங்க இரும்பு ஸ்டாண்டு அடித்தார். கீழே வடிகட்டுவதற்கு இன்னொரு சின்னத் தொட்டி, மோட்டார்கள், விளக்குகள். நம்மூர் வெயிலில் தண்ணீர் வெந்நீர் ஆகிவிடாமல் இருக்க ஒரு குளிர்விக்கும் இயந்திரம். கரண்டு போனால் இன்வெர்ட்டர். எங்கள் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற தண்ணீர், அது பவளத்துக்கு ஆகாது. அதனால் தொட்டிக்கென்றே ஒரு ஆர்.ஓ. வைத்து, சொட்டுச் சொட்டாக ஒரு வாரம் நீல டிரம்மில் பிடித்து, அதற்கென்று விற்கிற கடல் உப்பைக் கலந்து ஊற்றினார்.

ஊற்றியதும் மீன் விடவில்லை. வெறும் கல்லும் தண்ணீருமாக ஆறு வாரம் ஓடியது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, "மீன் எங்கே?" என்று கேட்பார்கள். "தண்ணி இன்னும் பழுக்கலைங்க" என்று சொல்லி, மீன் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் பண்ணும் நுண்ணுயிர்கள் முதலில் கல்லில் வளர வேண்டும் என்று அவர்களுக்குப் பொறுமையாக விளக்குவார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் அடுத்த மனிதரிடம் ஒரு விஷயத்தை விளக்கியது அப்போதுதான். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். புரிந்ததோ இல்லையோ, அந்தக் குரலைக் கேட்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு நத்தைகள் வந்தன, இறால்கள் வந்தன, ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடி கோமாளி மீன் வந்தது. நம் கடலில் பவளம் எடுப்பது குற்றம் என்பதால், பண்ணையில் வளர்த்த துண்டுகளாகப் பார்த்து, சென்னையில் ஒரு மீன் கடைக்காரரிடம் ரசீதோடு வாங்கினார். முதலில் வந்தது சுண்டு விரல் அளவில் ஒரு பச்சைத் துண்டு. அது முதன்முதலாக விரிந்த நாளில் "ஓடி வா, ஓடி வா" என்று அவர் கத்திய கத்தலில் நான் தோசையைக் கருகவிட்டேன்.

அந்த ஆனி மாதம் காதுப் பரிசோதனைக்காக அவர் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று நாள். போகும்போது சொன்னார், "சனிக்கிழமை காலைல நாப்பது லிட்டர் தண்ணி மாத்திடு. டிரம்ல முந்தின நாளே உப்பு கலந்து, சின்ன மோட்டாரைப் போட்டுடு."

"நான் விலங்கியல் டீச்சர். எனக்கே பாடமா?" என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிரம்மைத் திறந்தால் உள்ளே ஒரு பல்லி செத்து மிதக்கிறது. பல்லி விழுந்த தண்ணீரை யாராவது வைத்துக்கொள்வார்களா? சேர்த்து வைத்திருந்தது அத்தனையையும் கீழே கொட்டினேன். குடிப்பதற்கு வாங்கி வைத்திருந்த இருபது லிட்டர் கேன் தண்ணீர் இரண்டு இருந்தது. ஆனால் எதில் கலப்பது? டிரம்மை நினைத்தாலே குமட்டியது. அப்போதுதான் செப்பு அண்டா கண்ணில் பட்டது. மறுநாள் பௌர்ணமி என்று அன்றைக்குத்தான் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திருந்தேன், தகதகவென்று இருந்தது. செம்புத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நாமே காசு கொடுத்துப் பாட்டில் வாங்கிக் குடிக்கிறோம், மீனுக்கும் நல்லதாகத்தானே இருக்கும்! இரண்டு கேனையும் அதில் ஊற்றி, உப்பைக் கலந்து, மோட்டாரைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பார்த்தால் தண்ணீரில் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. "அட, கடல் கலரே வந்துடுச்சே" என்று சந்தோஷப்பட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சந்தோஷமாகவே தொட்டியில் ஊற்றினேன்.

இரண்டு மணி நேரம் இருக்கும். கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாக மணலில் விழுந்து மல்லாந்தன. இறால்கள் துள்ளித் துள்ளி விழுந்தன. பவளங்கள் எல்லாம் சுருங்கி உள்ளே போய்விட்டன, அந்தப் பச்சைத் துண்டும்தான். கோமாளி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

சென்னைக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "மேடம், தண்ணி எதுல கலந்தீங்க?"

சொன்னேன். ஊற்றி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டார். பிறகு, "உப்புத் தண்ணியில செம்பு கரைஞ்சிருக்கும் மேடம். வீட்டுல இருக்கிற கார்பன் எல்லாத்தையும் ஃபில்டர்ல போடுங்க. பாதித் தண்ணியையாவது உடனே மாத்துங்க. போர் தண்ணி ஊத்திடாதீங்க. சாயங்காலம் வரைக்கும் விட்டா ஒண்ணும் மிஞ்சாது" என்றார்.

நத்தைக்கும் இறாலுக்கும் தாமிரம் விஷம் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு என்னை விட்டால் வேறு ஆள் வேண்டுமா? அதைவிடப் பயமாக இருந்தது இன்னொன்று. இந்தத் தொட்டி செத்துப் போனால் அவர் மறுபடியும் அந்த நாற்காலிக்குப் போய்விடுவார். என் கையாலேயே அவரை அங்கே உட்கார வைத்துவிட்டேன் என்று தோன்றியது. அவர் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார். போனை எடுத்து எடுத்து வைத்தேனே தவிர, சொல்லத் தைரியம் வரவில்லை.

கார்பன், அதாவது விஷத்தை உறிஞ்சுகிற கரி, இருந்தது; அத்தனையையும் வடிகட்டியில் போட்டேன். உப்பும் ஒரு பெரிய வாளி இருந்தது. தண்ணீர்தான் இல்லை. ஆர்.ஓ. ஒரு மணி நேரத்துக்கு ஒரு குடம்கூடத் தராது. கேன் போடுகிறவரைக் கூப்பிட்டால், "பேரிகேட் போட்டுட்டாங்க டீச்சர், வண்டி நாளைக்குத்தான்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு சந்து முனைக்கு ஓடினேன்.

அங்கே ஒரு பந்தல். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர், பௌர்ணமிதோறும் வந்து நடக்கிறவர்களுக்குச் சாதமும் தண்ணீரும் கொடுப்பார்கள். பார்த்திருக்கிறேனே தவிர, ஒரு நாளும் நின்று பேசியதில்லை. பின்னால் தண்ணீர் கேன்கள் அடுக்கடுக்காக இருந்தன. அதைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. வெயிலில் நடந்து வருகிறவர்கள் குடிக்கிற தண்ணீர். அதைப் போய் மீனுக்கு என்று எந்த வாயால் கேட்பது? ஆனாலும் கேட்டேன்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நடக்குற ஜனத்துக்கே தண்ணி பத்துமோ பத்தாதோன்னு கீறோம். மீனுக்காம்மா கேக்குற?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. முகம் கன்றிப் போய்த் திரும்பினேன். அப்போது தலையில் பச்சைத் துண்டு கட்டியிருந்த ஒருவர், அந்தக் கூட்டத்துக்குப் பெரியவர் போலிருக்கிறது, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "இன்னா ஆச்சும்மா? அழுவாம சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

பல்லி, அண்டா, கணவர், நாற்காலி எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். அவர் பாதியில் கையை உயர்த்தினார். "இருங்க. செம்பா? கழனியில நத்தை ஜாஸ்தியா போச்சுன்னா நாங்க மயில்துத்தம் கரைச்சு ஊத்துவோம். ஒரே ராத்திரி, அத்தனையும் மல்லாந்துடும். அந்தக் கதைதானே?"

"அதேதாங்க. மயில்துத்தமும் செம்புதான்."

"அப்ப நின்னு பேச நேரமில்லைங்களே" என்று துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டார். "உங்க வீட்டுல போர் கீதா?"

"இருக்குங்க. ஆனா பாத்திரத்துல வெள்ளையா படியுற தண்ணி, மீனுக்கு ஆகாது."

"மீனுக்கு ஆவலன்னா இன்னா, நமக்கு ஆவும். எங்க ஊர்ல போர் தண்ணிதான் குடிக்கிறோம். அதைப் புடிச்சாந்து மோரு கரைச்சுடறோம். மோரு ஊத்திட்டா எந்தத் தண்ணின்னு யாருக்குத் தெரியும்? கேனை நீங்க எடுத்துக்குங்க."

இவ்வளவுதான் அவர் யோசித்த நேரம். பதினைந்து கேன்கள் தோளிலும் தலையிலுமாக எங்கள் சந்துக்குள் வந்தன. எல்லோருக்கும் முன்னால் இடுப்பில் குடத்தோடு, போர் தண்ணீர் பிடிக்க வந்தது யார் தெரியுமா? வெங்காயம் நறுக்கிய அந்த அம்மாதான். வரும் வழியெல்லாம் "மீனுக்காம், தண்ணியாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தொட்டிக்கு முன்னால் வந்து நின்றதும், "அய்யய்யோ, பச்சைக் கொழந்த மாதிரி வாயைத் தொறக்குதே" என்றார். அதன் பிறகு முணுமுணுப்பு நின்றது, குடம் நடந்தது.

டிரம்மைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, கேன் தண்ணீரை ஊற்றி, நான் உப்பை அளந்து கொட்டினேன். "குடிக்கிற தண்ணியில இம்மாம் உப்பைக் கொட்டுறீங்களே" என்று பச்சைத் துண்டுக்காரர் பதறிப் போனார். சிரிக்கவா அழவா என்று எனக்குத் தெரியவில்லை. அவரே நின்று கலக்கினார். குழாய் வைத்துப் பழைய தண்ணீரை இறக்குவது, புதியதை மெல்ல ஏற்றுவது என்று மத்தியானம் சாய்கிறவரை வேலை நடந்தது. பந்தலுக்கும் என் வீட்டுக்குமாக மாறி மாறி வந்தார்கள். கடைசியில் நான் பச்சைத் துண்டுக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டபோது, "என்னையா கும்பிடறது? மலை அங்க கீது" என்று கையைக் காட்டிவிட்டுச் சோறு போடப் போய்விட்டார்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் கணவர் வந்து சேர்ந்தார். ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். அந்தக் கூட்டத்துக்குள், தடுமாறும் காலோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்திருக்கிறார். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தொட்டிக்கு முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார். செத்த நத்தைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"அண்டா எங்க?" என்றார்.

"சமையல் ரூம்ல."

"அது அங்கயே இருக்கட்டும்" என்றார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு தெரிந்தது. உடனே, "தண்ணி குடுத்தவங்க இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் இறங்கிவிட்டார். பௌர்ணமிக் கூட்டத்துக்குள், அத்தனை சத்தத்துக்கு நடுவில், என் கணவர்! பின்னாலேயே ஓடினேன். பந்தலில் பச்சைத் துண்டுக்காரருக்குப் பக்கத்தில் போய், கேட்கிற காதை அவர் பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், ஒரு கையால் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நடக்கிறவர்களுக்கு மோர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் கரைத்த மோர். நானும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். அமிர்தமாக இருந்தது.

நத்தைகளும் இறால்களும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பவளத்தில் பாதி போய்விட்டது. மீன்கள் இரண்டும் பிழைத்தன. முதலில் வாங்கிய அந்தப் பச்சைப் பவளத் துண்டு வாரக்கணக்கில் மூடியே கிடந்தது. நான் கைவிட்டுவிட்டேன், அவர் விடவில்லை. ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் "ஓடி வா" என்ற சத்தம் கேட்டது. அன்றைக்குப் பஸ்ஸை விட்டேன், பரவாயில்லை.

அதற்குப் பிறகு ஒரு பௌர்ணமிகூட அவர் அந்தப் பந்தலுக்குப் போகாமல் இருந்ததில்லை. செப்பு அண்டாவையும் நான் அங்கேயே கொடுத்துவிட்டேன். மோருக்கு அது ஆகாது என்று டீச்சர் தோரணையில் ஒரு பாடமும் நடத்தினேன், பச்சைத் துண்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இப்போது பந்தலுக்கு முன்னால் அது நிறையத் தண்ணீரோடு நிற்கிறது. வெறுங்காலோடு வருகிறவர்கள், தார் ரோடு சுட்ட காலுக்கு அதிலிருந்து மொண்டு ஊற்றிக்கொள்கிறார்கள்.

மீனுக்கா தண்ணீர் என்று கேட்டு என்னைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது, ஆனால் அனுப்பவில்லை. அதனால்தான் இன்றைக்கும் யாராவது வாசலில் வந்து நின்று தயங்கித் தயங்கி ஏதாவது கேட்டால், எதற்கு என்ற கேள்வி என் வாய்க்கு வருவதற்குள் "உங்க வீட்டுல போர் கீதா?" என்ற அந்தக் குரல் என் காதில் வந்துவிடுகிறது.