மேட்டில் நிற்கக் கூடாத கார்

அந்தப் பேச்சு அவளுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. மாமாவின் தையற்கடையில், நூல்கண்டுப் பெட்டியின்மேல் அவளுடைய கைப்பேசியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். திரையில், எங்கோ தூரதேசத்துக் கொட்டகை ஒன்றில், தலையில் ஒரு முடிகூட இல்லாத ஒருவர் கார் எஞ்சினைப் பற்றி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அவர் பேசிய மொழி மாமாவுக்குத் தெரியாது. தங்கை மகளான அவள் இரண்டு மொழியிலும் படித்தவள் என்பதால் வரச் சொல்லியிருந்தார்.

"மொட்டையர் என்ன சொல்றார்?"

"பேக்கிங்ல நடு ஓட்டை, த்ராட்டில் பாடியோட வாய் என்ன அளவோ அதே அளவு இருக்கணுமாம் மாமா. ஓரம் ஒட்ட வெட்டச் சொல்றார்."

"ஒட்டவா? உள்ளே கொஞ்சம்கூட விடாமலா?"

"விடவே கூடாதாம். துளி நீட்டிக்கிட்டு இருந்தாலும் ஆபத்தாம்."

"இவர் எத்தனை வருஷமா வெட்டுறாராம்?"

"அதைச் சொல்லலை."

"கேளு."

"இது வீடியோ மாமா. கேட்க முடியாது."

"திருப்பிக் கேட்க முடியாத இடத்துல நின்னுக்கிட்டா யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் சொல்லலாம்." மாமா கத்தரிக்கோலை எடுத்தார். "கழுத்து வெட்டும்போது எப்பவும் சின்னதாத்தான் வெட்டணும் பாப்பா. பத்தலைன்னா இன்னொரு தடவை கத்தரி போடலாம். பெருசா வெட்டிட்டா அப்புறம் யார்கிட்ட போய் அழுறது?"

"இது கழுத்து இல்லையே மாமா."

"காத்து போற ஓட்டை எல்லாம் கழுத்துதான்."

ஒன்றை இரண்டாம் முறை சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. வீடியோவை நிறுத்தினாள். மொட்டையர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார்.

மாமா கோட்டும் பேண்ட்டும் தைப்பவர். எந்தத் துணியையும் ஒட்ட வெட்டக் கூடாது என்பது அவருடைய ஒரே கொள்கை. மனிதன் என்றால் பெருப்பான். பெருத்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி வருவான். அன்றைக்குப் பிரித்துவிட உள்ளே துணி இருக்க வேண்டும். ஈர்க்குச்சி போல வந்து நிற்கும் மாப்பிள்ளைக்குக்கூட வருங்காலத் தொந்திக்கு இடம் ஒதுக்கித்தான் தைப்பார். "இப்போ தெரியாது தம்பி, மாமியார் வீட்டுச் சாப்பாடு வேலை செய்யட்டும்," என்பார்.

கார் அவரிடம் வந்து சேர்ந்ததும் அந்தக் கொள்கையால்தான். தெருமுனைப் பல் டாக்டரிடம், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகும் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. டாக்டரின் பேண்ட்டுகளை மாமா வருடா வருடம் பிரித்துவிட்டுக்கொண்டே வந்தார். ஒருநாள் இடுப்பை அளந்துவிட்டு, "டாக்டர், இன்னும் ஒரு தடவை பிரிச்சுடலாம். ஆனா அதுக்கப்புறம் நீங்க அந்தக் காருக்குள்ள போக முடியாது," என்றார். டாக்டர் நம்பவில்லை. அடுத்த மழைக்காலத்தில், ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவரை வெளியே எடுக்க மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். மெக்கானிக் பார்த்துவிட்டு, இது டெய்லர் வேலை என்று சொல்லிவிட்டான். மாமா போய்ப் பின்பக்கத் தையலை முழுசாகப் பிரித்து அவரை மீட்டார். டாக்டர் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்களே வெச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு, கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்து போனார்.

கடைக்குள்தான் கார் நின்றது. ஷட்டரைத் தூக்கினால் முதலில் அதன் மூக்குத்தான் தெரியும். காத்திருப்பவர்கள் அதன் சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள். காரின் கதவைத் திறந்து வைத்தால் ட்ரயல் ரூம் கதவைத் திறக்க முடியாது. அரைகுறையாக உடுத்திய எத்தனையோ பேர் உள்ளேயிருந்து, "அண்ணே, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்களேன்," என்று கெஞ்சியிருக்கிறார்கள். மாமா பானட்டின்மேல் துணியை விரித்துச் சாக்பீஸில் கோடு போடுவார். வெட்டுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் காரைத் துடைப்பார். அத்தையின் முகத்தைக்கூட அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று அத்தையே சொல்லியிருக்கிறாள்.

அத்தைக்கும் காருக்கும் ஆகாது. அவளுடைய அக்கா வீடு ஊர்க்கோடியில் ஒரு குன்றின்மேல் இருந்தது. போன தடவை அங்கே போகும்போது பாதி மேட்டில் கார் மூச்சு முட்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள். அத்தையும் புதுச் செருப்போடு தள்ளினாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "இன்னொரு தடவை இந்த வண்டி அந்த மேட்டுல நின்னுச்சுன்னா வித்துடணும். சம்மதமா?" மாமா தலையாட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்?

அத்தை சொன்னால் சொன்னதுதான். இனிமேல் டிவி பார்ப்பதில்லை என்று என்றோ ஒரு கோபத்தில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எல்லாத் தொடர்களையும் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே காரை மேடேற வைத்தாக வேண்டும். த்ராட்டில் பாடி என்பது எஞ்சினுக்குள் காற்று போகும் வாய். உள்ளே ஒரு வட்டத் தகடு இருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் தகடு திரும்பி வழிவிடும், காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். காரோடு வந்த வாய் சிறியது. பெரிய வாயாக வேறு கம்பெனிக்காரர்கள் செய்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மாமாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "நெஞ்சுல இறுக்கமா சட்டையைப் போட்டுவிட்டு மேடேறுன்னா அது எப்படி ஏறும், பாவம்!" தருவித்தார். பெட்டியில் த்ராட்டில் பாடி மட்டும்தான் இருந்தது. இரண்டு உலோகத்துக்கும் நடுவே காற்று கசியாமல் வைக்கும் பேக்கிங் தாள் இல்லை. அதை நாமே வெட்டிக்கொள்ளலாம் என்று மொட்டையர் சொன்னபோது, வெட்டுவது என்ற சொல்லிலேயே மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

டேப் வைத்து அளந்தார். சாக்பீஸில் வட்டம் போட்டார். அந்த வட்டத்துக்குள் இன்னொரு சின்ன வட்டம் போட்டு, அதையே வெட்டினார். பழைய வாயைக் கழற்றி, புதியதை வைத்து, நான்கு போல்ட்டுகளையும் முதலில் ஓட்டுத்தையல் போல் தளர்வாகப் போட்டு, பிறகு எதிரெதிர் மூலையாக இறுக்கினார். தங்கை மகள் டார்ச் பிடித்தாள். கேபிளை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பூனை போல் உறுமியது. கடைக்குள் முழுசாக மிதித்துப் பார்க்க முடியாது. தொங்குகிற கோட்டுகளில் புகை ஏறிவிடும். லேசாக மிதித்தார், விட்டார். சொன்னபடி கேட்டது.

"மொட்டையர்கிட்ட சொல்லு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். அத்தையின் அக்கா கணவரை, அதாவது மாமாவின் சகலையை, மறுநாள் மாலை அலுவலகத்தில் பிரியாவிடை கொடுத்து அனுப்பப் போகிறார்கள். அதற்கு மாமா தைத்த கோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அத்தை முன் சீட்டில். சீட்டுகளுக்குப் பின்னால் பெட்டி வைக்கிற இடத்தில் தங்கை மகள் குறுக்குவாட்டில் மடங்கிக் கிடந்தாள். கோட்டு மட்டும் கசங்கக் கூடாது என்று, ஹேங்கரோடு அதை இரண்டு சீட்டுக்கும் நடுவே நிமிர்த்திப் பிடித்திருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, தலையில்லாத ஒரு பெரிய மனிதர் நடுவில் உட்கார்ந்து போவது போல் இருந்திருக்கும்.

மேடு வந்தது. மாமா முதன்முறையாக முழுசாக மிதித்தார். கார் பாய்ந்தது. போன தடவை நின்ற வளைவைத் தாண்டியது. ஒரு பஸ்ஸையும் தாண்டியது. "பார்த்தியா!" என்று மாமா கத்தினார். அத்தை கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்; ஆனால் உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. உச்சிக்கு வந்ததும் மாமா காலை எடுத்தார். கார் வேகத்தை விடவில்லை. பிரேக்கை மிதித்தார். பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே, ஊளையிட்டபடி போய்க்கொண்டிருந்தது. வாசலில் கைகூப்பி நின்ற அக்காவையும் சகலையையும் அவர்கள் கடந்து போனார்கள்.

"என்னங்க, வீடு போயிடுச்சு! நிறுத்துங்க!"

"காலை எடுத்துட்டேன், அது விட மாட்டேங்குது!"

"சாவியைத் திருப்புங்க!"

"திருப்பி, மறுபடி கிளம்பலைன்னா? அதுவும் மேட்டுல நின்ன கணக்குதானே?"

அத்தை யோசித்தாள். நேர்மையானவள். "ஆமா," என்றாள். "அதுவும் நின்ன கணக்குதான்."

"அப்போ எப்படி நிறுத்துறது?"

குன்றின் உச்சியைச் சுற்றி ஒரு வட்டச்சாலை. நல்லவேளையாக ஞாயிறு மதியம், தெருவில் ஈ காக்கை இல்லை. கார் இரண்டாவது கியரில் அலறிக்கொண்டே சுற்றி வந்தது. மறுபடி வீடு வந்தபோது சகலை வாசலைத் தாண்டி ரோட்டுக்கே வந்துவிட்டார். "கோட்டு! கோட்டு!" என்று மாமா கத்த, பின்னாலிருந்தவள் ஹேங்கரை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். சகலை கூடவே ஓடி, இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்து வாங்கிக்கொண்டார். அவர் எதையும் தள்ளிப்போடாத மனிதர். அடுத்த சுற்றில் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"தோள் அருமையா உட்காருது!" என்று கத்தினார்.

"சந்தோஷம்!" என்று மாமா போய்விட்டார்.

அதற்கடுத்த சுற்றில், "பட்டன் போட முடியலை சகலை! வயித்துல பிடிக்குது!"

"உள்ளே துணி..." சொல்லி முடிப்பதற்குள் வீடு போய்விட்டது. மிச்சத்தை அடுத்த சுற்றில் சொன்னார்: "...விட்டிருக்கேன்! பிரிச்சுடலாம்!"

"அக்கா, நல்லா இருக்கியா?" என்றாள் அத்தை, போகிற போக்கில். அக்காவின் பதில் காதில் விழவில்லை.

வெப்பமானியின் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. கருகிய வாசனை அடித்தது. பின்னால் மடங்கிக் கிடந்தவள், "மாமா, தீப்பிடிக்கும் போல இருக்கு," என்றாள். அவள் அப்படித் தானாகப் பேசியதே மாமாவை மிரட்டியது. ஆனாலும் அவர் கை சாவிக்குப் போகவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, கண் கலங்க, நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அத்தை அவரை ஒரு சுற்று முழுக்கப் பார்த்தாள். அக்கா வீடு வந்ததும் கையை நீட்டிச் சாவியைத் தானே திருப்பினாள். கார் இருமிக்கொண்டே உருண்டுபோய்ப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. அவள் இறங்கி, உடையைச் சரிசெய்து, அக்கா வீட்டுக்குள் போய்விட்டாள்.

எஞ்சின் ஆறும்வரை மாமா நடைபாதையில் உட்கார்ந்து சகலையின் கோட்டைப் பிரித்துவிட்டார். பிறகு பானட்டைத் திறந்து போல்ட்டுகளைக் கழற்றினார். விஷயம் கண்முன்னால் இருந்தது. ஓட்டைக்குள் நீட்டிக்கொண்டிருந்த பேக்கிங்கின் ஓரம், முழுசாகத் திரும்பிய தகட்டுக்கு முதலில் வளைந்து வழிவிட்டிருக்கிறது. பிறகு, திரும்பி வந்து மூட முடியாதபடி அதைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டிருக்கிறது. லேசாக மிதித்தவரை தகடு அந்த ஓரத்தைத் தொடவேயில்லை. மாமா சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றை ஒட்ட வெட்டினார். வெட்டி விழுந்த வளையத்தைத் தூக்கிப் போடாமல் பைக்குள் வைத்துக்கொண்டார். தங்கை மகள் பக்கம் திரும்பவில்லை.

எல்லாவற்றையும் மாட்டிச் சாவியைத் திருப்பினார். முதல் தடவை கிளம்பவில்லை. இரண்டாம் தடவை கிளம்பியது. மிதித்தால் ஏறியது, விட்டால் இறங்கியது. அவர் அணைத்துவிட்டு, சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அக்கா வீட்டு ஜன்னல் வழியாக அத்தை தெரிந்தாள். கையால் பெரிய பெரிய வட்டமாகப் போட்டு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். அது கோபமா சிரிப்பா என்று அங்கிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"பாப்பா," என்றார் மாமா, ஸ்டீயரிங்கைத் துடைத்தபடி. "எனக்கு ஒண்ணு பண்ணு. உள்ளே போய் அத்தைகிட்ட கேளு, இது நின்ன கணக்கா இல்லையான்னு. நான் கேட்டா சரியா வராது. இல்லைன்னு சொன்னா உடனே ஓடி வந்து சொல்லு. ஆமான்னு சொல்லிட்டா மட்டும் உடனே வராதே. ஒரு காபி வாங்கிக் குடி. நல்லா ஆற வெச்சு, மெதுவாக் குடிச்சுட்டு வா. அதுவரைக்கும் நான் இதுலயே உட்கார்ந்திருக்கேன்."