மோட்டார் கடைக்கு எதிரே அப்பா

பிளஸ் டூ புதிதாக வந்திருந்த காலம். பெரம்பலூரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் தொழிற்கல்விப் பிரிவு ஒன்றும் தொடங்கியிருந்தார்கள். அதில் மோட்டார் வைண்டிங் சொல்லிக்கொடுத்தார்கள். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிவிட்டு, புதுக் கம்பி சுற்றும் வேலை. வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். இன்னொருத்தி பாதியிலேயே கல்யாணமாகி மீன்சுருட்டிக்குப் போய்விட்டாள். கடைசிவரை இருந்தது நான் மட்டும்.

பரீட்சை முடிந்ததும் எங்கள் தொழில் ஆசிரியர், யாரும் கேட்காமலே ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். பெரம்பலூரிலும் அரியலூரிலும் இருந்த பட்டறைகளுக்கெல்லாம் நேரில் போய், "எங்க பசங்க வேலை கத்துக்கிட்டு வந்திருக்காங்க, சேத்துக்குங்க" என்று கேட்டார். பையன்களை ஆளுக்கொரு இடத்தில் சேர்த்தும் விட்டார். எனக்குத்தான் அமையவில்லை. "பொம்பளப் புள்ளயா? வேணாம் சார்" என்றே எங்கும் சொல்லி அனுப்பினார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாய் மோட்டார் கடை போட்டிருக்கிறார், லப்பைக்குடிக்காட்டுக்காரர், கல்ஃபில் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர், என்னைப் பற்றிச் சொன்னதும் உடனே அனுப்பச் சொல்லிவிட்டார் என்றார்.

அப்பா ரைஸ் மில்லில் ராத்திரிக் காவல். யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

"எல்லாரும் வேணாங்குறாங்க. அவரு மட்டும் ஏன் சார் உடனே சரிங்குறாரு?"

"நல்ல மனுஷங்க."

"உங்களுக்குப் பழக்கமா?"

"இல்லிங்க, அன்னைக்குத்தான் பாத்தேன்."

"பாத்த அன்னைக்கே நல்லவருன்னு எப்படித் தெரிஞ்சுது?"

ஆசிரியர் காப்பியைக் குடித்துவிட்டு, "அனுப்பிப் பாருங்க" என்று எழுந்துகொண்டார். அவர் தெருவைத் தாண்டுவதற்குள் அம்மா ஆரம்பித்தாள். "அடுத்தவூட்டுப் புள்ளைக்கு இந்த வாத்தியாருக்கு என்ன இம்புட்டு அக்கறை? கடைக்காரர்ட்ட ஏதாச்சும் வாங்கியிருப்பாரோ?" எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று படுத்த பிறகு எனக்கும் அந்தக் கேள்வி லேசாக உறுத்தியது.

அழுது அடம்பிடித்துத்தான் சம்மதம் வாங்கினேன். அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "நான் வருவேன். எதிர்ல இருப்பேன். நான் யாருன்னு மட்டும் சொல்லிப்புடாத. தெரிஞ்சா உஷாராயிடுவாங்க."

முதல் நாள் ஆசிரியர்தான் கொண்டுபோய் விட்டார். கடைக்குள் ஒரு மூலையில் புதிதாகப் பலகை மறைப்பு அடித்திருந்தார்கள். பாய் அதற்குப் பின்னால் என்னை உட்காரச் சொன்னார். தெருவிலிருந்து பார்த்தால் நான் தெரியமாட்டேன். எதிர் டீக்கடையின் பெஞ்சில் இருந்த அப்பாவின் முகம் எப்படி மாறியிருக்கும் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

அதன்பிறகு தினமும் அதேதான். மில்லிலிருந்து நேரே வந்து, தூக்கமில்லாமல் சிவந்த கண்ணோடு கடையையே பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் எனக்குப் பின்னால் தள்ளியே நடந்து வருவார். பஸ் ஸ்டாண்டு தாண்டியதும்தான் பேசுவார். "மறைப்புக்குப் பின்னால யாரு வராங்க?" என்பார். "யாரும் வரலப்பா, மோட்டார்தான் வருது" என்பேன். நம்பமாட்டார்.

பாய் என்னிடம் அதிகம் பேசமாட்டார். கடையில் ஒரு பழைய மெக்கானிக் இருந்தார். நாற்பது வயதிருக்கும். நான் கம்பி சுற்றுவதை அவர் மறைப்புக்கு மேலாக எட்டி எட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது, கொல்லைப்பக்கம் கட்டிவைத்திருந்த பழைய செம்புக் கம்பி ஒரு மூட்டை காணாமல் போனது. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குக் கொடுக்கும் கம்பியைப் பாய் எடைபோட்டுக் கொடுத்தார். வேலை முடிந்ததும் மிச்சத்தை வாங்கி மறுபடி எடைபோட்டார். மெக்கானிக்குக்குக் கொடுத்ததை அப்படிச் செய்யவில்லை. ஒருநாள் மத்தியானம் கை கழுவிவிட்டு வந்தால் என் சாப்பாட்டுத் தூக்கின் மூடி திறந்து கிடந்தது.

பழிபோட ஒரு ஆள் வேண்டும் என்றுதான் கேட்டவுடனே என்னைச் சேர்த்துக்கொண்டார்களோ என்று தோன்றியது. நேராகப் பாயிடம் போனேன்.

"என் தூக்க எதுக்கு பாய் தொறந்தீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவே சங்கடப்பட்டார். பிறகு தணிந்த குரலில், "எதிர்ல ஒரு ஆளு ரெண்டு வாரமா நம்ம கடையவே நோட்டம் பாக்குறான். நேத்து பஸ் ஸ்டாண்டுகிட்ட நீ அவன்ட்ட பேசுனத நம்ம மெக்கானிக் பாத்திருக்காரு. யாரும்மா அந்தாளு?" என்றார்.

"எங்கப்பா."

"அப்பாவா?" அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அஸ்தஃபிருல்லா" என்று அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பிறகு எழுந்து, கைலியைச் சரிசெய்துகொண்டு தெருவைக் கடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுகொண்டார்.

"புள்ளையோட அப்பான்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாங்க? ரெண்டு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல."

"எனக்குந்தான் இல்ல" என்றார் அப்பா. "அந்த மறைப்பு எதுக்கு?"

"ரோட்டுல போறவனெல்லாம் நின்னு வேடிக்க பாப்பான். எங்கூட்டுப் புள்ள உக்காந்தாலும் அப்படித்தாங்க அடிச்சிருப்பேன்."

"சரி. வாத்தியார் கேட்டதும் ஏன் ஒடனே சரின்னீங்க?"

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கிட்ட வேலை கத்துக்கிட்ட ரெண்டு பயலும் விசா வந்து பறந்துட்டானுங்க. பொம்பளப் புள்ளன்னா கல்ஃபுக்குப் போவாதேன்னுதான்."

அப்பா சிரிக்கவில்லை. அந்தப் பதிலில் பாய்க்கு ஒரு லாபம் இருந்தது. அதனாலேயே அப்பா அதை நம்பினார் என்று நினைக்கிறேன். "மறைப்ப எடுத்துருங்க" என்று மட்டும் சொன்னார். பாய் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுப் பலகையைப் பிரித்தார்.

மறுநாள் நானும் ஒன்று சொன்னேன். "எடை போட்டா எல்லாருக்கும் போடுங்க பாய். இல்லன்னா எனக்கும் வேணாம்." பாய் கொஞ்சம் தயங்கிவிட்டு, மெக்கானிக்கின் கம்பியையும் தராசில் வைத்தார். மெக்கானிக் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மறைப்பு போனதும் வேறு தொல்லை வந்தது. செந்துறைப் பக்கத்திலிருந்து மோட்டாரை வண்டியில் ஏற்றிவரும் விவசாயிகள் என்னைப் பார்த்ததும், "இந்தப் புள்ளயா சுத்துச்சு? ஓட்டிக் காட்டுங்க" என்பார்கள். ஓடும் மோட்டாருக்குப் பக்கத்தில் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள். சத்தம் சீராக இருந்தாலும் முகம் தெளியாது. எரியவில்லை என்று தெரிந்த பிறகு இன்னொரு மோட்டாரோடு வருவார்கள். அப்போதும் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள்.

அடுத்த வருஷம் ஆசிரியர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். பாய் அவர்களிடம் முதலில் கேட்டது, "அப்பாவ ஒரு தடவ கூட்டிட்டு வாங்க, முகத்தப் பாத்துக்குறேன்" என்றுதான்.

கல்யாணமாகி அரியலூருக்குப் போகும்வரை அங்கேதான் வேலை பார்த்தேன். போன இடத்திலும் இதே தொழில்தான். அந்தச் செம்புக் கம்பியை எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. நான் மெக்கானிக்கைச் சந்தேகப்பட்டேன். அவர் என்னைச் சந்தேகப்படுவதை விட்டாரா என்பதும் தெரியாது. அந்தக் கடையில் இருந்தவரை, ஒரு ஆளால் முடியாத பெரிய மோட்டார் வந்தால் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, பேச்சில்லாமல் சுற்றிய கம்பியை மோட்டாரின் பள்ளங்களுக்குள் இறக்குவோம்.