ஜன்னலை விட்டு விலகியவர்கள்

வினாயகமூர்த்தி மேசைக்கு ஸ்திரிக்கை போடுவதை முதன்முதலில் பார்த்தவர்களில் சிரிக்காதவர்கள் குறைவு. சட்டைக்குப் போடுவார்கள், சேலைக்குப் போடுவார்கள், மேசைக்கும் யாராவது போடுவார்களா? இவர் போடுவார். மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்த அந்தக் கிளப்பில் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசை இருந்தது. அடியில் கற்பலகை, மேலே பச்சைக் கம்பளித் துணி. வாவியின் உப்பு ஈரம் துணியில் ஏறிவிட்டால் பந்து ஓடாது, சேற்றில் இறங்கியது போலத் தடுமாறும். ஆகவே தினமும் மத்தியானம் சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேசையின் ஒரு தலையிலிருந்து மறுதலைவரை இழுத்துக்கொண்டே போவார். ஒரே திசைதான், திருப்பி இழுக்கக்கூடாது. ஒரு நெருப்புப்பொறி விழுந்தால் துணி போச்சு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பொறி விழவில்லை, ஒன்றே ஒன்று கூட!

சொந்த ஊர் மண்டூர். வேளாண்மைக் குடும்பத்துப் பிள்ளை, வயலை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு எழுபத்தொன்றில் டவுனுக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்தார். வேலைக்குப் பெயர் 'மார்க்கர்'. மேசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், விழுந்த பந்துகளை எடுத்துவைக்க வேண்டும், யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்று கூவ வேண்டும். கூவுவது என்றால் சந்தையில் மீன் விற்கிற மாதிரி இல்லை. இங்கிலீசில், மெல்லிய குரலில், உள்ளே இருக்கிற அங்கத்தவர்களின் காதுக்கு மட்டும் எட்ட வேண்டும். அது கிளப்பின் சட்டம். மார்க்கர் உட்காரக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. மூலையில் அவருக்கென்று ஓர் உயரமான ஸ்டூல் இருந்தது. ஆனாலும் ஆட்டம் நடக்கையில் அவர் அதில் இருந்ததை யாரும் கண்டதில்லை.

கிளப்புக்கு உள்ளே நாற்காலிகள் பதினெட்டு. அவை அங்கத்தவர்களுக்கு. மற்ற உலகத்துக்கு மேற்குப் பக்கத்தில் மூன்று ஜன்னல்கள். வாவியில் வலை வீசி முடித்தவர்கள், அரசாங்கக் கச்சேரிப் பியோன்கள், சந்தையில் கடையைச் சாத்தியவர்கள் எல்லாம் அந்த ஜன்னல்களில்தான். வெயில், மழை, நுளம்புக்கடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் நாடியை வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே இருந்தவர்கள் பாதி நேரம் தூங்குவார்கள். வெளியே நின்றவர்கள் கண் சிமிட்ட மாட்டார்கள். கிளப்புச் செயலாளர் இராசதுரை அவர்களைத் துரத்தச் சொல்லிப் பலமுறை சொல்லிவிட்டார். மூர்த்தியும் "ஓம் சேர்" என்று பலமுறை சொல்லிவிட்டார். அதோடு சரி.

துரத்தவில்லை என்பது மட்டுமல்ல, களவு ஒன்றும் செய்தார். இங்கிலீசில் புள்ளியைச் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி நின்று, பின்னால் கட்டிய கையில் விரல்களை விரித்துக் காட்டுவார். மூன்று விரல் என்றால் மூன்று. ஏழு என்றால் ஒரு கை முழுவதும், மறு கையில் இரண்டு. ஜன்னல்காரர்களுக்கு அது போதும்.

அந்தக் கூட்டத்தில் டோறாவுக்குத்தான் பாவம், விரலும் தெரியாது. குள்ளமான பெண்பிள்ளை. ஆம்பிளைகளின் முதுகுக்குப் பின்னால் நின்று, "மூர்த்தியண்ணன், இப்ப விழுந்தது எத்தின?" என்று கேட்டுக் கேட்டே, பந்து விழுகிற சத்தத்தில் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டாள். அவள் புருசன்தான் பிரடெரிக்.

பிரடெரிக் டவுனில் தச்சு வேலை செய்த, போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர். எழுபத்தெட்டுச் சூறாவளியில் கிளப்பின் கூரை பறந்து, மேசையின் இரண்டு கால்கள் முறிந்தபோது அவரைத்தான் கூப்பிட்டார்கள். மேசை மட்டமாக நிற்கிறதா என்று பார்க்கப் பந்தை உருட்டிப் பார்க்க வேண்டுமே? உருட்டினார். பிறகு தட்டினார். பந்து போய்ப் பைக்குள் விழுந்தது. மூர்த்தி இன்னொரு பந்தை வைத்தார், அதுவும் விழுந்தது. ஆறாவது பந்து விழுந்தபோது மூர்த்திக்கு மயிர்க்கூச்செறிந்தது. சும்மா சொல்லக்கூடாது, அதுவரை பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் புள்ளி சொன்னவர் அவர். இந்த மாதிரி ஒரு கையைக் கண்டதில்லை. அதற்குப் பிறகு வருடம் முழுவதும் மேசைக்கு ஏதாவது ஒரு பழுது வந்துகொண்டே இருந்தது. பழுது எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், மூர்த்தியைக் கேளுங்கள்.

சண்டை வந்தது, டவுனில் கரண்ட் போனது. பிரடெரிக்கிடம் அலுமாரி கேட்டு வந்தவர்கள் குறைந்து, பிரேதப் பெட்டி கேட்டு வந்தவர்கள் கூடினார்கள். சில நாளில் மூன்று, சில நாளில் ஐந்து. வேலை முடித்து, உடம்பில் மரத்தூளோடு பின்கதவால் வந்து, அங்கத்தவர்கள் வருவதற்கு முன் அரைமணி நேரம் ஆடிவிட்டுப் போவார். முதிரை மரத்தில் தானே கடைந்த கோல். கதை பேச்சு இல்லை. ஒருநாள் மட்டும் மேசைக்கு மேலே செத்துக் கிடந்த மின்விளக்குகளை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "மூர்த்தி, கரண்ட் வெளிச்சத்துக்குக் கீழ ஒருக்காவெண்டாலும் ஆடோணும் மனே. நிழல் விழாத மேசையில பந்து எப்பிடி இருக்குமெண்டு பாக்கோணும்." அவ்வளவுதான் அவருடைய ஆசை.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் தை மாதத்தில் அதற்கு ஒரு வழி பிறந்தது. கிழக்குக்கு ஒரு ஸ்னூக்கர் போட்டி வைத்தார்கள். வெல்பவர் கொழும்புக்குப் போய், பெரிய மண்டபத்தில், விளக்குகளுக்குக் கீழே ஆடலாம். யாரும் பெயர் கொடுக்கலாம் என்று கொழும்பிலிருந்து வந்த கடிதத்தில் இருந்தது. இராசதுரை அந்த வரியை மூன்று தடவை படித்தார். எத்தனை தடவை படித்தால் என்ன, வரி மாறுமா? பிரடெரிக்கின் பெயர் ஏறியது. ஒவ்வொருவராய்த் தோற்கடித்துக் கடைசி ஆட்டத்துக்கும் வந்துவிட்டார்.

எதிரே நின்றவர் அருளம்பலம். கொழும்பில் பெயர் எடுத்த ஆட்டக்காரர், வங்கி வேலையில் மாற்றலாகி வந்தவர். அவருக்குக் கைவைத்த நாற்காலி, பக்கத்தில் சோடா, கை துடைக்க வெள்ளைத் துவாய். பிரடெரிக்குக்கு? பின்கதவு. உட்கார ஒரு பலகைத் துண்டுகூட இல்லை. "அவர் வேலைக்கு வாற ஆள்தானே, நிண்டு பழகினவர்" என்றார் இராசதுரை. மூர்த்திக்குப் பத்திக்கொண்டு வந்தது. மூலைக்குப் போனார், தன் ஸ்டூலைத் தூக்கினார், எல்லார் நடுவாலும் கொண்டுவந்து பிரடெரிக்குக்குப் பின்னால் வைத்தார். "இருங்க," என்றார். கிளப்பில் அவர் போட்ட முதல் உத்தரவு அது.

கரண்ட் இல்லை. வாவிப் பக்கம் வெளிச்சம் தெரியக்கூடாது என்று ஆமி முகாமின் உத்தரவு, ஆகவே பெற்றோல்மாக்ஸ் விளக்கும் கிடையாது. ஜன்னல் வெளிச்சம்தான் கதி. ஆறு மணிக்கு ஊரடங்கு. ஐந்தரைக்கு ஆட்டத்தை நிறுத்துவது, அப்போது யார் முன்னுக்கு நிற்கிறாரோ அவருக்கே வெற்றி என்று முதலிலேயே பேசிவைத்தார்கள்.

ஐந்து பத்துக்கு மேசையில் மூன்றே பந்துகள் மிச்சம். நீலம் ஐந்து, இளஞ்சிவப்பு ஆறு, கறுப்பு ஏழு. அருளம்பலம் பதினான்கு புள்ளி முன்னுக்கு. மூன்றையும் போட்டால் பிரடெரிக் வெல்லலாம். ஒன்று தவறினாலும் கொழும்பும் இல்லை, விளக்கும் இல்லை.

பிரடெரிக் குனிந்தார். குனிந்தவர் நிமிர்ந்துவிட்டார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி குனிந்தார், மறுபடி நிமிர்ந்தார். வானம் மப்பு. அது போதாதென்று ஊரே மூன்று ஜன்னலிலும் அப்பிக்கொண்டு நின்றது. அவர் வெல்ல வேண்டும் என்று வந்த சனம்தான் அவருடைய வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றது! மூர்த்திக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமாய் இந்த ஆட்களைத் துரத்தாமல் வைத்திருந்தவர் அவர்தானே? பிரடெரிக்குக்குத் தானே குழி வெட்டிவிட்டோமோ என்று நினைத்தார். இனி யாரை, எப்படிப் போகச் சொல்வது?

"ஜன்னலைச் சாத்து மார்க்கர்!" என்றார் இராசதுரை. சாத்தினால் ஒரேயடியாய் இருட்டு.

நடு ஜன்னலில் நின்றவர் அப்துல் கபூர், சந்தையடியில் மணிக்கூடு திருத்துகிறவர். பாதைகள் மூடிக்கிடந்த நாட்களிலும் எப்படியோ அந்த ஜன்னலுக்கு வந்துபோனவர். வெளிச்சம் இல்லாமல் கை என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? பிரடெரிக் மூன்றாம் தடவை நிமிர்ந்தபோது அவர் திரும்பிச் சொன்னார்:

"நாமதான்கா மறைக்கிறம். குந்துங்க. எல்லாரும் கீழ குந்துங்க."

நம்ப மாட்டீர்கள். வேலையை விட்டு, மூன்று மணி நேரம் காலில் நின்று, கடைசி மூன்று பந்துக்காகக் காத்திருந்த நூறு பேர். ஒருவர் முணுமுணுக்கவில்லை. முன்னால் நின்றவர்கள் முதலில், பின்னால் நின்றவர்கள் அடுத்து, ஜன்னல்களை விட்டு விலகி, ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தார்கள். மூன்று ஜன்னலும் வெறுமையாயின. வாவியிலிருந்து வந்த வெளிச்சம் மேசை முழுவதும் விழுந்தது. கோயிலில் திரை விலகும்போதுகூட மூர்த்திக்கு அப்படி இருந்ததில்லை.

பிரடெரிக் நீலத்தைப் போட்டார்.

"ஃபைவ்," என்றார் மூர்த்தி, மெல்லிய குரலில். கை தானாகப் பின்னால் போனது. விரலை விரித்த பிறகுதான் பார்க்க யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. தங்கள் கண்ணையே கொடுத்துவிட்டு வெளியே இருக்கிற ஆட்களுக்கு ஒரு சொல்லும் போகவில்லை. இது என்ன நியாயம்? இருபத்திரண்டு வருடச் சட்டத்தை அந்த இடத்திலேயே போட்டு மிதித்தார். மண்டூர் வயல் வட்டையில் அக்கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரலில் கத்தினார்:

"நீலம் விழுந்திட்டு! அஞ்சு! இன்னும் ஒம்பது பின்னுக்கு!"

இராசதுரை துள்ளி எழுந்தார். அருளம்பலம் கையைக் காட்டி அவரை இருத்தினார். "விடுங்க. அவங்களும் கேக்கட்டும்," என்றார். நல்ல மனுசன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"இளஞ்சிவப்பு விழுந்திட்டு! ஆறு! இன்னும் மூணுதான்!"

கறுப்பு மட்டும் மிச்சம். தூரத்து மூலைப் பை. பிரடெரிக் கோலை நீட்டியபோது மேசையில் ஒரு நிழல் வந்து விழுந்தது. மூர்த்தி திரும்பினார். நடு ஜன்னலில் ஓர் ஆமிக்காரன். நூறு பேர் ஒரேயடியாய்த் தரையில் இருந்தால் சென்றியில் காவல் நிற்கிறவன் என்ன நினைப்பான்? பார்க்க வந்துவிட்டான். தோளில் துவக்கு. உள்ளே பதினெட்டு நாற்காலியிலும் ஓர் அசைவு இல்லை. ஐந்து இருபத்தெட்டு.

அந்த நாட்களில் சீருடைக்கு முன்னால் போய் நின்று விலகு என்று சொல்ல யாருக்கு உயிர் பாரமாய் இருந்தது? ஆனாலும் மூர்த்தி போனார். மேசையைக் கையால் காட்டினார். சிங்களத்தில் ஐயாவுக்கு 'மாத்தயா', வெளிச்சத்துக்கு 'எளிய' என்று சொல்வார்கள், அந்த இரண்டு சொற்கள்தான் அவருக்குக் கைவசம் இருந்தன.

"மாத்தயா... எளிய."

ஆமிக்காரன் மூர்த்தியைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். தனியே கிடந்த கறுப்புப் பந்தையும், கோலை நீட்டியபடி அசையாமல் நின்ற மரத்தூள் மனுசனையும் பார்த்தான். தன் நிழல் அந்தப் பந்தின் மேல் கிடப்பதைக் கண்டான் போலிருக்கிறது. ஓர் அடி பின்னால் வைத்தான். பிறகு, துவக்கைக் கழற்றி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, அப்துல் கபூருக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

வெளிச்சம் திரும்பி வந்தது. பிரடெரிக் தட்டினார்.

வெள்ளைப் பந்து போய்க் கறுப்பில் பட்டது. மத்தியானம் மூர்த்தி ஸ்திரிக்கை போட்டு வைத்த துணியில், ஒரு முனகல் இல்லாமல், கறுப்பு நீளமாய் ஓடி மூலைக்குப் போனது. விளிம்பில் ஒரு கணம் யோசித்தது, விழுந்தது. மூர்த்தி வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மறுபடி திறந்தார். கண்ணீர்தான் வந்தது. வெளியே நூறு பேர் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

அப்போது புல்லில், எல்லாருக்கும் பின்னால், இதுவரை ஒரு பந்தைக்கூடக் கண்ணால் கண்டிராத டோறா எழுந்து நின்றாள்.

"ஏழு," என்றாள்.