தானாகச் சுழன்ற பாபின்

பாலிடெக்னிக் முடித்த கையோடு திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் சேர்ந்திருந்தேன். மெஷினுக்கு மேலே தொங்கும், பஞ்சுத்திரி சுற்றிய பாபின்களைப் பிடித்திருக்கும் கொக்கிகள் சரியாகச் சுழலாமல் இறுக்கமாக இருந்தன. யாரையும் கேட்காமல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டேன்.

மதியம் மெஷின் நின்றிருந்தது. நானும் அதை ஓட்டும் சூசையண்ணனும் மட்டும் இருந்தோம். காற்றே இல்லை. ஒரு பாபின் மெல்லச் சுழன்றது. அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் பொத்தென்று விழுந்தது. அடுத்ததும் சுழலத் தொடங்கியது.

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "பேய்தான் தம்பி! வேலையே வேணாம், நான் போறேன்."

"பேய் இல்லண்ணே. நான்தான் கொக்கிக்கு எண்ணெய் விட்டேன். வழுக்குது."

என்னையே வெறித்துப் பார்த்தார். "ஏலே, பேயின்னா மாதாவைக் கும்பிட்டுத் தப்பிச்சுருவேன். உங்கிட்டருந்து எப்புடிலே தப்பிக்கிறது?"

இன்றும் ஒரு திருகாணியைத் தொடுமுன், அதன் கீழே யார் நிற்பார் என்று பார்க்கிறேன்.