தேயாத பிரேக்

என்னைக் கஞ்சன் என்று சொல்கிறவர்கள் என் காரில் ஏறாதவர்கள். ஏறி இறங்கியவர்கள் அதைவிட மோசமாகச் சொல்வார்கள்.

பல்செட் செய்யும் இடத்தில் எனக்கு வேலை. காலையில் மெழுகும் மாவுமாக உட்கார்ந்து பல் வரிசைகளைச் செய்வேன். மதியத்துக்கு மேல் அவற்றை டப்பாக்களில் போட்டு, சுற்றுவட்டாரத்துப் பல் மருத்துவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்த அலைச்சலுக்காகத்தான் அந்தப் பழைய ஹைப்ரிட் காரை வாங்கினேன். பெட்ரோல் இஞ்சினும் உண்டு, பேட்டரியில் ஓடும் மோட்டாரும் உண்டு. என்னிடம் வரும்போதே இரண்டு பேரிடம் உழைத்துக் களைத்திருந்தது. நிலாவுக்குப் போகிற தூரத்தை, அதாவது மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டரை, அது தாண்டிய அன்று வேலையிடத்தில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தேன். என் கல்யாண நாளுக்குக்கூட அங்கே யாருக்கும் ஒன்றும் கொடுத்ததில்லை.

எனக்குப் பைத்தியம் பிடித்தது அதன் டாஷ்போர்டில் இருக்கிற சின்னத் திரையால்தான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அது சொல்லிக்கொண்டே வரும். ஆக்சிலரேட்டரைத் தடவினாற்போல் மிதித்தால் மோட்டார் மட்டுமே ஓடும். பிரேக்கை மெல்ல அழுத்தினால் வண்டியின் வேகமே மின்சாரமாகிப் பேட்டரிக்குத் திரும்பிவிடும்; பிரேக் பேட் சக்கரத்து டிஸ்க்கை உரசிப் பிடிக்க வேண்டியதே இல்லை. சும்மா கிடைக்கிற சார்ஜ்! தூரத்தில் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டதுமே காலை எடுத்துவிடுவேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டுமே, அவர்கள் பெட்ரோல், அவர்கள் வயிற்றெரிச்சல்.

பராமரிப்பிலும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்திருந்தேன். பின்சீட்டுக்குப் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்று போகிற ஜாலி, சல்லடை மாதிரி ஒரு மூடி, இருக்கிறது. அதன் ஃபில்டரைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் நானே சுத்தம் செய்வேன். ஜாலிமேல் மகள் ஸ்கூல் பையைச் சாய்த்து வைத்தால் எனக்கு மூச்சு முட்டும். டயரில் காற்று எப்போதும் கல் மாதிரி. பாரம் குறையட்டும் என்று டிக்கியில் கிடந்த குடையைக்கூட எடுத்து வீட்டில் வைத்துவிட்டேன். அன்றைக்கே மழை பெய்தது.

"என்னையும் இறக்கி விட்டுட்டா இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கூடக் குடுக்குமா?" என்று கேட்டாள் மனைவி, நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட நான் அலட்டிக்கொண்டது பிரேக் பேடைப் பற்றித்தான். "நிலாவுக்குப் போன வண்டி, இன்னும் கம்பெனியில போட்ட அதே பேடு! மாத்தவே இல்ல!" என்று பல் மருத்துவர்களிடம் சொல்வேன். வாயைத் திறந்து படுத்திருக்கிற நோயாளிகளும் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொள்வார்கள். தேயாத சாமானை எதற்குக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று சக்கரத்துப் பக்கம் யாரையும் அண்ட விடவில்லை.

மனைவி மருத்துவமனையில் நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து பாதி மாதம் ராத்திரி டியூட்டிதான். போன வருஷம் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. நடமாட முடியாத நோயாளிகளை அவர்கள் வீட்டுக்கே போய்க் கவனிக்கிற வேலை. பகலில் மட்டும்தான். ஆனால் கார் ஓட்டத் தெரிய வேண்டும், மாதம் முடிவதற்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நிற்கிறவருக்குப் போய்விடும்.

"எனக்கு நகை வேணாம், புடவை வேணாங்க. ராத்திரியானா எல்லாரையும் போல படுத்துத் தூங்கணும். அவ்வளவுதான்" என்றாள்.

"நானே கத்துத் தரேன்" என்றேன். அங்கேதான் சனியன் பிடித்தது.

அவள் கெட்டிக்காரி, சீக்கிரமே ஓட்டப் பழகிவிட்டாள். ஆனால் நான் கற்றுக்கொடுத்தது கார் ஓட்ட அல்ல, என்னைப் போல ஓட்ட. அவள் பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா, பூ மாதிரி" என்று உயிரை வாங்கினேன். திரையில் சார்ஜ் ஏறினால் சபாஷ், ஏறாவிட்டால் உச்சுக்கொட்டல்.

டெஸ்ட் நடந்த அன்று பரிசோதகர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருப்பம், பின்னால் எடுப்பது, ஓரம் கட்டுவது எல்லாம் அருமையாகச் செய்தாள். கடைசியாக அவசர நிறுத்தம். அவர் டாஷ்போர்டைத் தட்டியதும் வண்டியைச் சட்டென்று நிறுத்த வேண்டும். தட்டினார். என் கார் தேர் மாதிரி அசைந்து அசைந்து, நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி என்னையும் கடந்து போனது. கண்ணாடி இறக்கியிருந்ததால் பேச்சு காதில் விழுந்தது.

"அம்மா, நிறுத்தச் சொன்னேன்!"

"நிறுத்திட்டுத்தான் சார் இருக்கேன். சார்ஜ் ஏறுது பாருங்க!"

பெயில். இறங்கி வந்தவள் சாவியை என் கையில் வைத்தாள். வீட்டுக்குப் பஸ்ஸில் போனாள். மாதம் முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு டெஸ்டுக்குத்தான் இடம் இருந்தது.

விடுமுறை நாளில், பூட்டிக் கிடந்த பெரிய கடையின் பார்க்கிங்குக்கு அவளைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். "நான் தட்டினதும் மிதி. திரையைப் பாக்காத. பலங்கொண்ட மட்டும் மிதி" என்றேன். தட்டினேன். அவளும் மிதித்தாள். ஒரு கிறீச்சல். வண்டி நேராக நிற்காமல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடி, தள்ளுவண்டிகள் நின்ற கம்பியைத் தொடாத குறையாக நின்றது.

"ஸ்டீரிங்கை ஏன் ஒடிச்ச?" என்று கத்தினேன்.

"நான் ஒடிக்கவே இல்லைங்க!"

மறுபடியும் அதேதான். அவள் ஸ்டீரிங்மேல் தலையைச் சாய்த்துவிட்டாள். "எனக்கு வராது, விட்டுடுங்க. நான் ராத்திரி டியூட்டியே பாத்துக்கறேன்" என்றபோது அவள் குரல் உடைந்தது.

"எந்திரி, எப்படின்னு நான் காட்டறேன்" என்று மகா மேதாவி மாதிரி ஸ்டீரிங்கில் உட்கார்ந்தேன். வேகமெடுத்து மிதித்தேன். அந்தக் காரை வாங்கியதிலிருந்து நான் பிரேக்கை அப்படி மிதித்தது அதுதான் முதல் தடவை. வண்டி இடப்பக்கம் இழுத்தது. கம்பி கண்ணெதிரே வந்தது. ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

அங்கேயே ஜாக்கி வைத்து வலது முன்சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க் முழுக்கத் துரு. பேடைப் பிடித்து அழுத்துகிற இரும்பு இறுகிப் போய், எத்தனை தள்ளினாலும் அசையவில்லை. பேட் மட்டும் தடிமனாக, புத்தம் புதிதாக இருந்தது. வாங்கிய நாளிலிருந்து டப்பாவிலேயே வைத்திருந்த பல்செட் மாதிரி. அது தேயாததற்கு என் சாமர்த்தியம் காரணமில்லை. அது வேலையே செய்யவில்லை.

அவள் என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். நோயாளிகளின் புண்ணைப் பார்த்துப் பழகிய கண், எல்லாம் புரிந்துவிட்டது.

"இத்தனை வருஷமா இதுலதானே நம்ம பொண்ணையும் ஏத்திட்டுப் போனோம்? யாராவது குறுக்க வந்திருந்தா?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். தணிந்த குரலில் கேட்டாள். அசிங்கமாக இருந்தது எனக்கு. வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி மெக்கானிக்கிடம் அனுப்பினேன். டிஸ்க், பேட் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். "அந்தப் பழைய பேடு வேணுமா சார், எல்லார்கிட்டயும் காட்டலாம்" என்றார் அவர். குப்பையில் போடச் சொன்னேன்.

பிறகு தினமும் அதே பார்க்கிங்கில் தட்டினேன், மிதித்தாள், தட்டினேன், மிதித்தாள். என் கழுத்து சுளுக்கிக்கொண்டது. இரண்டாவது டெஸ்டில் பரிசோதகர் தட்டியதும் வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. அவர் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்ததாம். பாஸ்.

வீட்டுக்கு அவளே ஓட்டினாள். வாயெல்லாம் பல்லாக, அடுத்த வாரத்திலிருந்து எந்தெந்தத் தெருவில் யார் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ம், ம் என்று கொட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் உடம்பு முன்னால் பாய்ந்தது, பெல்ட் நெஞ்சைப் பிடித்து இழுத்தது. வண்டி நின்றிருந்தது. பம்பருக்கு ஒரு முழம் முன்னால் ஒரு பெரியவர், சைக்கிளோடு, வெளிறிப் போய் நின்றார். அவள் கையைக் காட்டி அவரை முதலில் போகச் சொன்னாள்.

"சந்துலருந்து எப்படி வந்தார் பாத்தீங்களா?" என்றாள் மூச்சு வாங்க.

"பாக்கல" என்றேன். "நான் மைலேஜைப் பாத்துட்டிருந்தேன்."