பஸ் எந்தப் பக்கம் இழுத்தது

இன்று மெக்கானிக் என் காரின் பிரேக் டிஸ்க்கை லேத்தில் ஏற்றிக் கடையத் தொடங்கியதும் சூடான இரும்பின் வாசனை எழுந்தது. உடனே நான் மறுபடி சிறு பிள்ளையாய், நான் வளர்ந்த ரோஸ் ஹில்லில், அப்பாவின் பட்டறை வாசலில் நின்றேன். அப்போது டிஸ்க் ஏது, பஸ்களின் பெரிய பிரேக் டிரம்கள்தான். சத்தத்தைக் குறைக்கப் பழைய ரப்பர் டியூப் பட்டையை இறுகச் சுற்றினாலும் அடங்காமல் லேத்தில் அவை தெரு முழுக்கக் கேட்கும்படி கீச்சிடும், கடைந்த டிரம்மைச் சக்கரத்தில் பூட்டியதும் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிக்கொள்வோம், ஏனென்றால் டிரைவர் சரிவில் பிரேக்கை மிதிக்கும்போது நாங்கள் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை வைத்துத்தான் வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அப்பா கண்டுபிடிப்பார். எல்லோரும் நேராக முன்னால் சரிந்தால் வேலை முடிந்தது, சவாரியும் முடிந்தது. அதனால் நேராகச் சரிய எங்களில் யாருக்கும் மனம் வராது.

"எந்தப் பக்கம் சாஞ்சீங்க?"

"அகோஸ், அகோஸ்" என்று இடது பக்கம் கையைக் காட்டிக் கத்துவோம்.

ஒருநாள் அப்பா எங்களை நம்பாமல், அன்று எங்களோடு ஏறியிருந்த அம்மாவிடம் திரும்பினார். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதவள் அவள்.

"நீ சொல்லு."

அம்மா முந்தானையைச் சரிசெய்தபடி, எங்களைப் பார்க்காமல், "அகோஸ்தான். இன்னொரு தரம் போய்ப் பாப்போம்" என்றாள்.